வளையம் எடுத்த பிறகு...



ஒற்றுப்பிழை, வாசிப்புப் பழக்கம், ஆண்டுதோறும் குறைந்துவரும் மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பற்றியே இங்கு எழுதிப் பழகியவள் நான். இன்று எழுதப்போவது வேறொன்று. எழுதலாமா, வேண்டாமா என்று மூன்று மாதங்கள் தயங்கினேன். ஓர் ஆசிரியை தன் கருப்பையைப் பற்றிப் பொதுவில் எழுதுவதா என்று முகம் சுளிப்போர் இருப்பர் என்பதையும் அறிவேன். அவர்கள் இவ்விடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த வாரம் லகர, ளகர, ழகரங்களோடு வருகிறேன்.

எஞ்சியிருப்போரிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். கருத்தடை வளையத்தை எடுத்த பிறகு உடலில் என்ன நேரும் என்பதை, அதை எடுக்கும் நாளில் சொல்வது காலம் கடந்த பேச்சு. வைக்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். கணவரையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். இம்மூன்றும் எனக்கு நடக்கவில்லை. என் பள்ளித் தோழிக்கும் நடக்கவில்லை. இருவரும் அதற்குரிய விலையைக் கொடுத்தோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். வளையம் என்கிறோமே தவிர, அது வளையமே அன்று. இன்று பெரும்பாலும் பயன்பாட்டில் இருப்பது ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில், விரல் நீளத்திற்கும் குறைவான ஒரு சிறு பொருள். பழைய காலத்தில் சுருள் வடிவிலும் வளைய வடிவிலும் இருந்ததால் ‘லூப்’ என்றும் ‘வளையம்’ என்றும் நம் தாய்மார்கள் சொல்லிவந்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது, நானும் அப்படியே எழுதுகிறேன். இதில் இரு வகை உண்டு. ஒன்று, செம்புக் கம்பி சுற்றியது; காப்பர்-டி என்பார்கள். மற்றொன்று, ஹார்மோனைச் சிறிது சிறிதாகக் கசியவிடுவது. மிரேனா என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். எடுத்த பிறகு நேர்வது இவ்விரண்டிற்கும் ஒன்றுபோல் இராது. இந்த அடிப்படைச் செய்தியைக்கூட நான் வளையம் வைத்து ஆறு ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

எனக்கு ஹார்மோன் வகையை 2017-இல் வைத்தார்கள். அப்போது வயது 31. இரண்டு குழந்தைகள். 2023-இல் ஒரு பள்ளி விடுமுறையில், மூன்றாவது குழந்தை வேண்டும் என்று இருவரும் முடிவு செய்து, எடுப்பதற்காகச் சென்றேன். தாதி பரிசோதித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சொன்னார்: “சிக்கு, தாலி தாக் நம்பாக்.”

மலாயில் ‘தாலி’ என்றால் கயிறு, நூல். கயிறு தெரியவில்லை என்கிறார். நாள்தோறும் மலாய் பேசுகிறவள்தான் நான். இருந்தும் அந்தக் கணத்தில் என் கை கழுத்திற்குப் போய்விட்டது! பிறகு நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஆனால், அங்கே படுத்திருந்தபோது சிரிப்பு வரவில்லை. நூல் காணவில்லை என்றால் வளையம் எங்கே? வயிற்றுக்குள் எங்கேனும் போய்விட்டதா? யாரும் முன்பே சொல்லாததால் அன்று இரவு முழுவதும் உறக்கமில்லை.

சொல்லியிருந்தால் ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். வளையத்தின் அடியில் மெல்லிய நூல் கட்டப்பட்டிருக்கும். அதன் முனை கருப்பை வாய்க்கு வெளியே சற்றே நீண்டிருக்கும். சிலருக்கு அந்நூல் மேலே ஏறிச் சுருண்டுகொள்ளும். இஃது அரிதும் அன்று. முதலில் கருவுற்றிருக்கிறாரா என்று பார்ப்பார்கள். பின்னர் ஸ்கேன் செய்து வளையம் உரிய இடத்தில் உள்ளதா என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். அப்போது மெல்லிய கருவி ஒன்றால் நூலைக் கீழே கொண்டுவந்து எடுத்துவிடுவார்கள். வளையம் கருப்பையைத் துளைத்து வெளியேறுவது மிக மிக அரிது. எனக்கும் ஒரு வாரம் கழித்து மருத்துவமனையில் அவ்வாறே எடுத்தார்கள்.

எடுப்பதற்குச் சில நிமிடங்களே ஆயின. இடுக்கியால் நூலைப் பற்றி மெல்ல இழுக்கும்போது வளையத்தின் இரு கைகளும் மேல்நோக்கி மடிந்துகொள்ள, அது வெளியே வந்துவிடுகிறது. மாதவிடாயின் முதல் நாள் வலி போல ஒரு சுண்டல், அவ்வளவுதான். பலருக்கு இதைவிடக் குறைவாகவே இருக்கும் என்கிறார்கள். மூன்று நாள் சிறிதளவு இரத்தக் கறை இருந்தது. வெள்ளிக்கிழமை எடுத்தேன், திங்களன்று வழக்கம்போல் வேலைகளைச் செய்தேன். காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைபடுதல், தாங்க முடியாத அடிவயிற்று வலி, மணிக்கு ஒரு நேப்கின் நனையும் அளவுக்கு இரத்தப்போக்கு – இவற்றில் எது நேர்ந்தாலும் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நூல் கைக்குத் தட்டுப்படுகிறதே என்று தாமே இழுத்துப் பார்க்கும் துணிச்சல் மட்டும் யாருக்கும் வேண்டாம்.

இனிதான் சொல்லப்படாத கதை தொடங்குகிறது.

ஹார்மோன் வளையம் கருப்பையின் உட்சுவரை மெல்லியதாக்கிவிடுகிறது. அதனால் மாதவிடாய் குறையும். சிலருக்கு நின்றே போகும். எனக்கு ஐந்து ஆண்டுகள் கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது. ஆசிரியைக்கு அஃது எத்தகைய வசதி என்பதை ஆசிரியைகளே அறிவார்கள். எடுத்த பிறகு உட்சுவர் மீண்டும் வளர வேண்டும். பெரும்பாலோர்க்கு ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மாதவிடாய் திரும்பிவிடும். தொடக்கத்தில் முன்பின்னாக வரலாம். வளையம் இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் மிகுதியாகத் தோன்றும். உண்மையில் அது வளையத்திற்கு முன்பிருந்த பழைய அளவுதான்.

எனக்கு ஆறாம் வாரம் வந்தது. நான்காம் ஆண்டு வகுப்பில், இரண்டு பாடவேளை தொடர்ந்து இருந்த நாளில். கையில் எதுவும் இல்லை. ஐந்து ஆண்டுகளாகக் கைப்பையில் நேப்கின் வைக்கும் பழக்கமே போயிருந்தது. முப்பது பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியேற முடியாது. பக்கத்து வகுப்பு ஆசிரியரோ ஆண். நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு சிறுமியை அனுப்பி அலுவலகத்திலிருந்து எழுத்தரம்மாவை அழைத்துவரச் சொன்னேன். அந்தப் பத்து நிமிடங்களில் நான் என்ன பாடம் நடத்தினேன் என்று இன்றும் நினைவில்லை. என் கருத்தாவது: வளையம் எடுக்கும் ஆசிரியையிடம், “அடுத்த மூன்று மாதங்களுக்குக் கைப்பையில் இரண்டு நேப்கின் வைத்திருங்கள்” என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும்.

செம்பு வளையத்தில் கதை நேர்மாறானது. அது மாதவிடாயை மிகுதியாக்குவதும் வலியைக் கூட்டுவதும் உண்டு. எடுத்த பிறகு அவை தணியும். என் தோழி அதற்காகவே எடுத்தார். அவருக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள், நான்காவது வேண்டாம். அடுத்த மாதத்திலிருந்து மாத்திரை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தார். “இத்தன வருசம் உள்ளயே இருந்துச்சே டீச்சர், கொஞ்ச நாளைக்காவது அதோட சக்தி இருக்கும்னு நெனச்சேன்” என்று பிறகு என்னிடம் சொன்னார். அந்த மாதமே கருவுற்றார்.

அதன் சக்தி ஒரு நாள்கூட மிஞ்சியிருப்பதில்லை. செம்பு, விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. செம்பை எடுத்துவிட்டால் அவ்வேலை அக்கணமே நின்றுவிடுகிறது. ஹார்மோன் வகையிலும் சில நாள்களில் மருந்து உடலை விட்டு நீங்கிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரையிலும், சில வேளை அதற்கு மேலும், உயிரோடிருக்கக் கூடும். ஆகவே, கருவுற விரும்பாதவர் வளையத்தை எடுப்பதற்கு முந்திய ஏழு நாள்களிலும் உறவைத் தவிர்க்க வேண்டும் அல்லது ஆணுறை பயன்படுத்த வேண்டும். மாற்று முறையையும் அதற்குள் தொடங்கிவிட வேண்டும். எடுக்கச் செல்லும் நாளில் இதைச் சொன்னால் என்ன பயன்? முதல் நாள் இரவு கடந்து போயிருக்கும் அல்லவா?

தோழியின் நான்காவது பிள்ளை இன்று பாலர் பள்ளிக்குப் போகிறது. எல்லாருக்கும் செல்லம். ஆனால், பள்ளிக் கழிவறையில் சோதனைப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன். பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிச் சொல்லியே நாம் எத்தனையோ அலட்சியங்களை மூடி மறைக்கிறோம்.

அவருக்கு வேண்டாமல் வந்தது. எனக்கு வேண்டியும் வரவில்லை.

ஆறு மாதங்கள் ஆயின. ஒன்பது மாதங்கள் ஆயின. என் மாமியார் நல்லவர். அவர் சொன்னதில் பகையில்லை, அச்சமே இருந்தது. “அப்பவே சொன்னேன், அந்தச் சனியன வைக்காதேன்னு. கருப்பையக் காய வச்சிருச்சு பாரு” என்றார். தோட்டத்து லயங்களில் அவர் இளமையில் கேட்ட கதைகள் அப்படி. இன்னாருக்கு லூப் போட்டுப் பிள்ளையே இல்லாமல் போனது, இன்னாருக்குச் சீழ் பிடித்தது என்று கதைகள். முழுவதும் கட்டுக்கதை என்றும் தள்ளிவிட முடியாது. 1970-களில் அமெரிக்காவில் டால்கன் ஷீல்ட் என்ற ஒரு வகை விற்பனைக்கு வந்தது. அதன் நூல் பல இழைகளைச் சேர்த்து முறுக்கியது. அந்த இழைகளின் வழியே கிருமிகள் மேலேறின. பல பெண்களுக்குக் கடுமையான தொற்று ஏற்பட்டது, சிலர் இறந்தனர், சிலர் பிள்ளைப்பேற்றை இழந்தனர். 1974-இல் அதன் விற்பனையை அங்கு நிறுத்தினார்கள். இன்றைய வளையங்களின் நூல் ஒற்றை இழை. ஆனால், அச்சத்திற்கு அந்த வேறுபாடு தெரியாது. அது கடல் தாண்டியும் வரும், தலைமுறை தாண்டியும் வரும்.

வளையம் கருவளத்தைக் குறைப்பதில்லை என்பதை இன்றைய மருத்துவம் தெளிவாகவே சொல்கிறது. எடுத்த ஓராண்டுக்குள் பத்தில் எட்டுப் பேர் அளவில் கருவுறுகிறார்கள். வளையமே வைக்காதவர்களின் நிலையும் ஏறத்தாழ அதுதான். அப்படியென்றால் எனக்கு ஏன் இல்லை? மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “வளையம் வைக்கும்போது வயது என்ன? இப்போது என்ன?” 31, 37. பெண் பிறக்கும்போதே தன் சினைமுட்டைகள் அனைத்தையும் கொண்டே பிறக்கிறாள். புதியன உண்டாவதில்லை. 35 வயதிற்குப் பின் அவற்றின் எண்ணிக்கையும் தரமும் விரைந்து குறைகின்றன. வளையம் என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு ஆண்டுகள் தாமாகவே போயின. இதை 2017-இல் யாரேனும் சொல்லியிருந்தால், 34 வயதில் எடுத்திருப்பேனோ என்னவோ! சொல்லப்படாததால் அந்தத் தேர்வே எனக்கு இல்லாமற் போயிற்று.

மருத்துவர் அடுத்துச் சொன்னதுதான் வீட்டில் புயலைக் கிளப்பியது. கணவருக்கும் சோதனை செய்ய வேண்டும் என்றார். 35 வயதைக் கடந்த பெண் ஆறு மாதம் முயன்றும் கருவுறாவிட்டால் இருவரையும் சோதிப்பதே முறை. “ரெண்டு பிள்ள பெத்தவனுக்கு எதுக்குச் சோதனை?” என்றார் என் கணவர். (அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன்.) இரண்டு மாதம் தள்ளிப் போட்டார். செய்து பார்த்தபோது விந்தணு எண்ணிக்கை வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. குழந்தைப் பேறு தாமதமாகும் இணைகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் ஓரளவு இருக்கிறது. ஓராண்டாக என் கருப்பையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்த குடும்பம், அன்று மாலை ஒன்றும் பேசவில்லை. மாமியார் மட்டும் தேநீர் கலக்கிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

அவர் சிகரெட்டை விட்டார். விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆகும் என்பதால், விட்டதன் பயன் தெரியவே மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டும். வளையத்தை எடுக்கத் திட்டமிட்ட அன்றே விட்டிருக்கலாமே என்று கேட்டார். எனக்கும் அதுதான் கேள்வி.

மூன்றாவது குழந்தை வரவில்லை. எனக்கு இப்போது 40 வயது. வேண்டியதில்லை என்று சென்ற ஆண்டு இருவரும் முடிவு செய்தோம்.

கருவுற எண்ணி வளையம் எடுப்போர் அறிய வேண்டிய வேறு சிலவும் உண்டு. ஃபோலிக் அமிலம் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், முயற்சியைத் தொடங்கும் முன்பிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். கருவுற்ற பின் 12 வாரம் வரை தொடர வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகும் நாள்களில் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாது; ஆகையால்தான் முன்கூட்டியே வேண்டும் என்கிறார்கள். இரண்டாவது, சர்க்கரை. இந்நாட்டில் நம் இனத்தாரிடையே நீரிழிவு மிகுதி என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டுக்குள் இல்லாத சர்க்கரையோடு கருவுறுவது குழந்தைக்குக் கேடு. வளையம் உள்ளே இருக்கும்போதே இரத்தத்தைச் சோதித்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, அதன் பிறகு எடுப்பதே அறிவுடைமை. நீரிழிவு உள்ளவர்க்கு ஃபோலிக் அமிலத்தின் அளவும் மிகுதியாக வேண்டியிருக்கும்; மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடுத்த பின் மனச்சோர்வு வருகிறதே என்று சில பெண்கள் சொல்கிறார்கள், சிறப்பாக ஹார்மோன் வகையைப் பயன்படுத்தியோர். இதை ஆய்வுகள் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. ஆனால், சொல்கிற பெண்ணைப் பொய் சொல்கிறாள் என்று ஒதுக்குவதற்கும் அது காரணமாகாது. சில வாரங்களில் தணியாவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூத்த ஆசிரியைகளுக்கும் ஒன்று. வைத்ததையே மறந்துபோனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகும் அதை உள்ளேயே விட்டுவிடக் கூடாது. 50 வயதிற்கு மேற்பட்டவர், செம்பு வளையத்தோடு மாதவிடாய் முற்றிலும் நின்று ஓராண்டு கழிந்தால் எடுத்துவிடலாம். 50-க்கு முன்பே நின்றுவிட்டால் ஈராண்டு காத்திருக்கச் சொல்வார்கள்.

இந்நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது 1966-இல். இரண்டு தலைமுறைகள் கடந்துவிட்டன. நாம் ஆறாம் ஆண்டு அறிவியலில் மனித இனப்பெருக்கத்தைத் தமிழிலேயே கற்பிக்கிறோம். கருப்பை, சினைமுட்டை, விந்தணு எல்லாவற்றிற்கும் சொல் வைத்திருக்கிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அவற்றைப் பிழையின்றி எழுதுகிறது. அப்பிள்ளையின் தாயோ கிளினிக்கில் தன் உடலைப் பற்றிப் பேச நேர்ந்தால், “கீழே”, “அது”, “உள்ள” என்று கையால் சுட்டிக் காட்டுகிறார். சொல் இல்லாமல் இல்லை. வெட்கம் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. தாதியரையே முழுக்கக் குறை கூறுவதும் நேர்மையன்று. நீண்ட வரிசை, குறைந்த நேரம், கேள்வி கேட்காத பெண். இம்மூன்றும் சேர்ந்தால் யார்தான் விளக்கம் சொல்வார்கள்? நாம் கேட்க வேண்டும். “எடுத்த பிறகு எனக்கு என்ன ஆகும்? எப்போது எடுப்பது நல்லது?” என்று வைக்கும் அன்றே கேட்க வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், தமிழ் தெரிந்த தாதி ஒருவரை அழைத்துத் தாய்மார்களுக்கு ஒரு மணி நேரம் பேசச் சொல்லலாம் என்றேன். செயலவையினர் ஒருவர், “இது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இல்ல” என்றார். நல்ல பதில்தான். அதே கூட்டத்தில்தான் கொசு ஒழிப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம்.

கூட்டம் முடிந்து நான்கு நாள் கழித்து, பள்ளி வாயிலில் ஒரு தாய் என்னை நிறுத்தினார். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனின் அம்மா. “டீச்சர், எனக்கும் அது இருக்கு. எடுக்கலாம்னு இருக்கோம். எடுத்தா ரத்தம் நெறையப் போகுமா?” என்று கேட்டார். எந்த வகை என்று கேட்டேன். தெரியாது என்றார். வைத்தபோது கொடுத்த அட்டையைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். வெயிலில் இருபது நிமிடம் நின்றே பேசினோம். பையன் புத்தகப் பையை இழுத்தபடி, “அம்மா, வாம்மா” என்று அரற்றிக்கொண்டிருந்தான். அவர் அவனுடைய வீட்டுப்பாடத் தாளின் பின்புறத்தில் ‘ஃபோலிக்’ என்று பென்சிலால் குறித்துக்கொண்டார். இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து, “நாளைக்கு எங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரலாங்களா டீச்சர்?” என்றார்.

நாளை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.